டாக்கரில் ஒரு புளியமரம்: செனகல் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் புதுச்சேரியில் வளர்ந்தவன். எங்கள் ஊரில் நெய்த நீலத்துணி ஒரு காலத்தில் மேற்கு ஆப்பிரிக்காவில் பணம் மாதிரி புழங்கியது என்று முதன்முதலில் படித்தபோது நம்ப முடியவில்லை. அந்தத் துணியின் பின்னால் போய்த்தான் செனகலைத் தெரிந்துகொண்டேன். இப்போது நண்பர்கள், உறவினர்கள், பள்ளிப் பிள்ளைகள் என்று பலரும் அந்த நாட்டைப் பற்றி என்னிடம் கேட்கிறார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே ஓரிடத்தில் சேர்த்திருக்கிறேன்.

செனகல் எங்கே இருக்கிறது? வரைபடத்தில் அதன் நடுவே ஒரு கீறல் போலத் தெரிகிறதே, அது என்ன?

ஆப்பிரிக்கக் கண்டத்தின் மேற்கு ஓரம். டாக்கர் நகரத்தின் அல்மாதி முனைதான் ஆப்பிரிக்கப் பெருநிலத்தின் மேற்குக் கடைக்கோடி. அதற்கு அப்பால் அட்லாண்டிக் பெருங்கடல். பரப்பளவு ஏறக்குறைய 1,97,000 சதுர கிலோமீட்டர், அதாவது தமிழ்நாட்டைப் போல ஒன்றரை மடங்கு. மக்கள்தொகையோ 2023 கணக்கெடுப்பின்படி 1 கோடியே 81 லட்சம்தான்.

நடுவில் தெரியும் கீறல் காம்பியா என்ற தனி நாடு. காம்பியா ஆற்றின் இரு கரைகளையும் ஒட்டி, ஐம்பது கிலோமீட்டர் அகலத்துக்குள் அடங்கிவிடும் நாடு. ஆற்றை ஆங்கிலேயர் பிடித்துக்கொண்டார்கள், சுற்றியுள்ள நிலத்தைப் பிரெஞ்சுக்காரர் எடுத்துக்கொண்டார்கள், அந்தக் கோடு அப்படியே நின்றுவிட்டது. கோட்டின் இருபுறமும் ஒரே மொழி பேசும் உறவுக்காரர்கள் இருக்கிறார்கள். ஒருபக்கத்துப் பிள்ளைகள் பள்ளியில் ஆங்கிலம் படிக்கிறார்கள், மறுபக்கத்துப் பிள்ளைகள் பிரெஞ்சு.

இந்தக் கோட்டுக்கு செனகல் கொடுத்த விலை பெரியது. தெற்கே உள்ள காசமான்ஸ் பகுதி தலைநகரத்திலிருந்து துண்டுபட்டுக் கிடப்பதால், அங்குள்ள மக்கள் டாக்கருக்குக் கப்பலில் போய்வந்தார்கள். 2002 செப்டம்பர் 26 இரவு, 'ஜூலா' என்ற அந்தப் பயணிகள் கப்பல் காம்பியா கடற்கரைக்கு அப்பால் கவிழ்ந்தது. அறுநூறு பேர் கூட ஏறக்கூடாத கப்பலில் மூன்று மடங்குக்கு மேல் ஏற்றியிருந்தார்கள். 1,800க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், பிழைத்தவர்கள் 64 பேர். டைட்டானிக்கில் இறந்தவர்களைவிட இது அதிகம். டைட்டானிக் எல்லாருக்கும் தெரியும். ஜூலாவின் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும் என்று நினைத்தால் எனக்கு மனம் கனத்துப்போகிறது. காம்பியா ஆற்றின் மேல் நேராக வண்டி போகும் பாலம் 2019 ஜனவரியில்தான் திறந்தது.

டாக்கர் என்ற பெயருக்கு என்ன பொருள்?

இதற்குச் சில விளக்கங்கள் உண்டு. எனக்குப் பிடித்தது இது: அங்கே பெருவாரியாகப் பேசப்படும் வோலோஃப் மொழியில் 'தகார்' என்றால் புளி. புளியமரம் நின்ற இடம் டாக்கர் ஆயிற்று என்கிறார்கள். மொழியியலாளர்கள் எல்லாரும் ஒப்புக்கொண்ட முடிவு அல்ல, ஆனால் புளியமரம் அந்த மண்ணுக்குப் பழையது என்பதில் சந்தேகமில்லை. புளி முதலில் ஆப்பிரிக்காவில் வளர்ந்த மரம். அங்கிருந்துதான் நம் பக்கம் வந்து, நம் குழம்பிலும் ரசத்திலும் இல்லாமல் முடியாது என்ற அளவுக்குக் குடியேறிவிட்டது. செனகலில் இன்றும் புளியைக் கரைத்துக் குடிக்கிறார்கள், மீன்சோற்றுக்குப் பக்கத்தில் வைத்துச் சாப்பிடுகிறார்கள்.

அங்கே என்ன மொழி பேசுகிறார்கள்? வணக்கம் எப்படிச் சொல்வது?

அலுவலகத்திலும் பள்ளியிலும் பிரெஞ்சு. தெருவில், சந்தையில், பேருந்தில் வோலோஃப். இது தவிர புலார், செரேர், ஜோலா, மாண்டிங்கா, சோனின்கே என்று பல மொழிகள். வீட்டில் வேறு மொழி பேசுகிறவர்களும் வெளியே வந்தால் வோலோஃபுக்கு மாறிவிடுகிறார்கள்.

வணக்கம் சொல்வது அங்கே ஒரு நொடியில் முடியும் காரியம் அல்ல. 'ஸலாம் அலைக்கும்' என்று தொடங்கி, 'நங்க தெஃப்?', அதாவது 'எப்படி இருக்கீங்க?' என்று கேட்பார்கள். அதற்குப் பதில் 'மாங்கி ஃபி ரெக்'. சொல்லுக்குச் சொல் எடுத்தால் 'இங்கேதான் இருக்கேன்' என்று பொருள். நலம், பரவாயில்லை என்றெல்லாம் சொல்லாமல், இருக்கிறேன் என்பதையே நலமாகச் சொல்வது எனக்கு மிகவும் பிடித்த பதில். அப்புறம் வீட்டில் எல்லாரும் எப்படி, பிள்ளைகள் எப்படி, வேலை எப்படி என்று ஒவ்வொன்றாகப் போகும். ஒவ்வொன்றுக்கும் 'ஜாம் ரெக்', 'அமைதிதான்' என்று பதில் வரும். நடுநடுவே ஒருவர் மற்றவரின் குடும்பப் பெயரைச் சொல்லிக்கொண்டே இருப்பார்: 'இஞ்ஜாய்… இஞ்ஜாய்…' என்று. பெயரைச் சொல்வதே மரியாதை, உன் முன்னோர்களையும் சேர்த்து வணங்குகிறேன் என்பது போல.

கடைக்குப் போய் நேராக விலை கேட்டால் முகம் சுளிப்பார்கள். முதலில் வணக்கம், பிறகுதான் வியாபாரம். நன்றி சொல்ல 'ஜெரெஜெஃப்'.

'கேலி முறை' என்று ஒன்று உண்டாமே?

உண்டு. செனகலைப் பற்றி ஒரே ஒரு விஷயம்தான் சொல்லலாம் என்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

குறிப்பிட்ட இரண்டு குடும்பப் பெயர்களுக்கு இடையே, குறிப்பிட்ட இரண்டு இனங்களுக்கு இடையே கேலி செய்யும் உரிமை பரம்பரையாக உண்டு. இஞ்ஜாய் என்ற பெயர்காரரும் ஜோப் என்ற பெயர்காரரும் சந்தித்தால், முன்பின் தெரியாதவர்களாக இருந்தாலும் உடனே தொடங்கிவிடுவார்கள்: 'நீ ஜோப்பா? சோற்றுப் பானையைக் காலி பண்ணுகிற ஆள் ஆச்சே!' 'நீ என் வீட்டு வேலைக்காரன், வாயை மூடு!' கோபப்படக் கூடாது, கோபப்பட்டால் அவருக்குத்தான் அவமானம். செரேர் மக்களுக்கும் ஜோலா மக்களுக்கும் இடையே இதே உறவு. இரண்டு சகோதரிகள் படகில் பிரிந்துபோய் இரண்டு இனங்களுக்கும் தாயானார்கள் என்று அதற்கு ஒரு பழங்கதையும் சொல்கிறார்கள்.

நமக்கு மாமன் மச்சான் கேலி தெரியும். கல்யாண வீட்டில் அத்தை மகனை வாரிவிடலாம், யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அந்த உரிமையை ஒரு நாடு முழுக்க, மொழிக்கும் இனத்துக்கும் குறுக்கே விரித்துப்போட்டால் எப்படி இருக்கும்? காவல் நிலையத்தில், அரசு அலுவலகத்தில், பேருந்து இருக்கைச் சண்டையில், பெயரைக் கேட்டதும் இறுக்கம் தளர்ந்துவிடுகிறது. பக்கத்து நாடுகள் பலவற்றில் இனக் கலவரங்கள் வெடித்தபோதும் செனகல் பெரும்பாலும் அமைதியாக இருந்ததற்கு இந்தப் பழக்கமும் ஒரு காரணம் என்று ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். காசமான்ஸில் 1982 முதல் பிரிவினைப் போராட்டம் நடந்தது என்பதையும் மறைக்கக் கூடாது. கேலி எல்லாவற்றையும் தீர்த்துவிடவில்லை. ஆனாலும் நிறையத் தீர்த்திருக்கிறது.

என்ன சாப்பிடுவார்கள்? சோறு கிடைக்குமா?

சோறுதான் சாப்பாடே! தேசிய உணவின் பெயர் 'செபு ஜென்'. செப் என்றால் சோறு, ஜென் என்றால் மீன். 2021இல் யுனெஸ்கோ இதை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுகளில் ஒன்றாகப் பட்டியலிட்டது.

செய்முறையைக் கேட்டால் நம் ஊர்க்காரருக்கு உடனே புரியும். மீனைக் கீறி, அதற்குள் கொத்தமல்லி மாதிரியான பார்ஸ்லித் தழை, பூண்டு, மிளகாய் எல்லாம் இடித்து அடைப்பார்கள். அதை எண்ணெயில் பொரித்து எடுத்து, அதே எண்ணெயில் வெங்காயமும் தக்காளி விழுதும் வதக்கி, தண்ணீர் ஊற்றிக் குழம்பாக்குவார்கள். கத்தரிக்காய், முட்டைகோஸ், கேரட், மரவள்ளிக்கிழங்கு எல்லாம் முழுசு முழுசாக உள்ளே போகும். மணத்துக்கு 'கெஜ்' என்ற கருவாடும், 'யெட்' என்ற புளிக்கவைத்த கடல் நத்தையும். காய் வெந்ததும் எடுத்துவிட்டு, அந்தக் குழம்பிலேயே அரிசியை வேகவைப்பார்கள். அடிப்பிடித்த சோற்றைச் சுரண்டித் தனியாக வைப்பார்கள், அதற்குத்தான் வீட்டில் போட்டி. அந்தத் தீய்ந்த சோற்றுக்கு 'ஹோஞ்' என்று பெயரும் உண்டு.

எல்லாரும் ஒரே பெரிய தாம்பாளத்தைச் சுற்றி உட்கார்ந்து, தன் முன்னால் உள்ள பகுதியிலிருந்து மட்டும் எடுத்துச் சாப்பிடுவார்கள். மீனும் காயும் நடுவில் இருக்கும். வீட்டுப் பெண்மணி அவற்றைப் பிய்த்து ஒவ்வொருவர் பக்கமும் தள்ளிவிடுவார், விருந்தாளிக்கு முதலில். இந்த விருந்தோம்பலுக்கு அவர்கள் வைத்திருக்கும் சொல் 'தெராங்கா'. கால்பந்து அணிக்கே 'தெராங்காவின் சிங்கங்கள்' என்றுதான் பெயர்.

இன்னொரு சங்கதி. இந்தச் சோற்றுக்கு முழு அரிசியைவிட நொய்யரிசியைத்தான் விரும்புவார்கள். காரணம் பிரெஞ்சு ஆட்சி. செனகல் விவசாயிகளை வேர்க்கடலை பயிரிட வைத்துவிட்டு, அவர்கள் சாப்பிட வியட்நாமிலிருந்து மலிவான நொய்யைக் கப்பலில் கொண்டுவந்து இறக்கினார்கள். வேண்டாவெறுப்பாக வந்த நொய்யை வைத்து சான் லூயி நகரத்துச் சமையல்காரிகள் ஒரு தேசிய உணவையே உருவாக்கிவிட்டார்கள். அவர்களில் பெந்தா இம்பாய் என்பவரின் பெயர் இன்றும் சொல்லப்படுகிறது. இன்று அந்த நொய்யில் பெரும்பங்கு போவது இந்தியாவிலிருந்து. 2022 செப்டம்பரில் இந்தியா நொய் ஏற்றுமதிக்குத் தடை போட்டபோது டாக்கர் சந்தை கலங்கிப்போனது. நாம் கோழிக்கும் கஞ்சிக்கும் ஒதுக்கும் நொய் அங்கே ஒரு குடும்பத்தின் மதியச் சாப்பாடு.

நைஜீரியாவும் கானாவும் எங்களுடையதுதான் நல்லது என்று சண்டை போட்டுக்கொள்ளும் 'ஜொலோஃப் சோறு' இருக்கிறதே, அதன் பெயர் செனகல் மண்ணில் இருந்த ஜொலோஃப் அரசிலிருந்து வந்தது.

புதுச்சேரித் துணிக்கும் செனகலுக்கும் என்ன தொடர்பு?

சரி, நான் காத்திருந்த கேள்வி இது.

புதுச்சேரியும் அதைச் சுற்றிய ஊர்களும் பருத்தித் துணி நெய்து, அவுரியில் தோய்த்து, அடர்நீலமாக்கி அனுப்பின. பிரெஞ்சுக்காரர்கள் அதை 'கினே' என்று அழைத்தார்கள். கினி கடற்கரைக்குப் போகும் துணி என்பதால் அந்தப் பெயர். துணி கப்பலேறிப் பிரான்ஸ் போய், அங்கிருந்து செனகல் ஆற்றின் முகத்துவாரத்தில் உள்ள சான் லூயிக்குப் போனது. ஆற்றின் வடகரையில், இன்றைய மொரித்தேனியாவில், பாலைவன மக்கள் கருவேல வகை மரங்களிலிருந்து பிசின் எடுத்தார்கள். ஐரோப்பாவில் துணியில் அச்சுப் போட அந்தப் பிசின் கட்டாயம் தேவைப்பட்டது. பிசினுக்கு விலையாக அவர்கள் வேறு எதையும்விட விரும்பி வாங்கியது இந்த நீலத்துணியைத்தான். 19ஆம் நூற்றாண்டில் அந்த ஆற்றங்கரைகளில் விலையே 'இத்தனை துண்டு கினே' என்றுதான் பேசப்பட்டது.

ஐரோப்பிய ஆலைகள் போலியாகச் செய்து பார்த்தன. வாங்குகிறவர்கள் ஏமாறவில்லை. அவுரியின் மணம் வேண்டும், உடம்பில் நீலம் ஒட்ட வேண்டும், தொட்டால் அந்தக் கனம் தெரிய வேண்டும். நம் நெசவாளியும் சாயக்காரரும் கையில் வைத்திருந்த நுணுக்கத்தை, பாலைவனத்தில் ஒட்டகம் ஓட்டியவர் மோந்து பார்த்தே கண்டுபிடித்தார்.

இதில் ஓர் இருண்ட பக்கமும் உண்டு. அடிமை வணிகம் நடந்த நூற்றாண்டுகளில் மனிதர்களை வாங்கக் கொடுத்த சரக்குகளில் இந்தியத் துணியும் இருந்தது. நெய்தவருக்கு அது எங்கே போகிறது என்று தெரிந்திருக்காது. ஆனாலும் துணியின் பெருமையைச் சொல்லும்போது அதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

கோரே தீவில் என்ன நடந்தது?

டாக்கர் துறைமுகத்திலிருந்து படகில் இருபது நிமிடம். ஒரு கிலோமீட்டர் நீளம்கூட இல்லாத தீவு, வண்டிகள் கிடையாது. அங்கே 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கட்டிய 'அடிமைகளின் வீடு' இருக்கிறது. கீழ்த்தளத்தில் இருட்டு அறைகள். கடலைப் பார்த்து ஒரு சிறு வாசல். 'திரும்பி வராத வாசல்' என்று அதைச் சொல்கிறார்கள். போப் இரண்டாம் ஜான் பால் 1992இல் அங்கே நின்று மன்னிப்புக் கேட்டார். நெல்சன் மண்டேலாவும் பராக் ஒபாமாவும் வந்திருக்கிறார்கள்.

அந்த வாசல் வழியாகவே லட்சக்கணக்கானவர்கள் அனுப்பப்பட்டார்கள் என்பதை வரலாற்றாசிரியர்கள் பலர் ஏற்பதில்லை. காம்பியா ஆற்றிலிருந்தும் இன்றைய கானா, பெனின், அங்கோலா கடற்கரைகளிலிருந்தும் போனவர்கள் மிக அதிகம். கோரேயிலிருந்து போனவர்கள் அவர்களோடு ஒப்பிட்டால் குறைவு. எண்ணிக்கை குறைவு என்பதால் அந்த இடம் பொய்யாகிவிடாது. பெயரில்லாமல் போனவர்களுக்காக நின்று அழ ஓர் இடம் வேண்டும், கோரே அந்த இடம்.

பிரெஞ்சு ஆட்சியில் செனகல்காரர்களுக்கு ஓட்டு இருந்ததா?

எல்லாருக்கும் இல்லை. சான் லூயி, கோரே, ருஃபிஸ்க், டாக்கர் ஆகிய நான்கு நகரங்களில் பிறந்தவர்களுக்கு மட்டும் இருந்தது. புதுச்சேரியைப் போலவே செனகலும் பாரிஸ் நாடாளுமன்றத்துக்கு ஓர் உறுப்பினரை அனுப்பியது. 1914இல் கோரேயில் பிறந்த பிளேஸ் ஜாஞ் வென்றார். அந்த மன்றத்தில் அமர்ந்த முதல் கறுப்பு ஆப்பிரிக்கர் அவர். நகர எல்லைக்கு வெளியே பிறந்தவர்களுக்கோ கட்டாய வேலையும் சாட்டையும்தான்.

இரண்டு உலகப் போர்களிலும் 'செனகல் துப்பாக்கி வீரர்கள்' என்ற பெயரில் மேற்கு ஆப்பிரிக்கா முழுவதிலிருந்தும் ஆள் திரட்டினார்கள். ஜெர்மானியரிடம் கைதியாக இருந்து மீண்டு வந்த வீரர்கள், டாக்கரை ஒட்டிய தியாருவா முகாமில் தங்களுக்குச் சேர வேண்டிய சம்பளத்தைக் கேட்டார்கள். 1944 டிசம்பர் 1 விடியற்காலையில் பிரெஞ்சு ராணுவம் அவர்களைச் சுட்டுத் தள்ளியது. இறந்தவர்கள் 35 பேர் என்றது அன்றைய அறிக்கை. நூற்றுக்கணக்கில் இருக்கும் என்கிறார்கள் வரலாற்றாசிரியர்கள். அது ஒரு படுகொலை என்று பிரான்ஸ் எழுத்தில் ஒப்புக்கொள்ள 2024 நவம்பர் வரை ஆனது. எண்பது ஆண்டுகள்.

செனகலின் முதல் குடியரசுத் தலைவருக்குத் தமிழில் ஆர்வம் இருந்தது உண்மையா?

உண்மைதான். லெயோப்போல் செதார் செங்கோர், 1906இல் ஜொவால் என்ற கடலோர ஊரில் பிறந்தவர். கவிஞர், பிரெஞ்சு இலக்கண ஆசிரியர். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியரிடம் கைதியாக இருந்தவர். கறுப்பர்கள் தங்கள் பண்பாட்டைத் தலைநிமிர்ந்து சொல்ல வேண்டும் என்ற 'நெக்ரித்யூட்' இயக்கத்தை எய்மே செசேர், லெயோன் தமாஸ் ஆகியோரோடு தொடங்கியவர். 1960இல் நாடு விடுதலை பெற்றதும் தலைவரானார். தேசிய கீதத்தையும் அவரே எழுதினார். கோரா யாழை மீட்டுங்கள், பலஃபோனைத் தட்டுங்கள் என்றுதான் அது தொடங்குகிறது. ஒரு நாட்டின் கீதம் வாத்தியக்காரர்களை அழைத்துத் தொடங்குவது எவ்வளவு அழகு!

ஆப்பிரிக்க மொழிகளுக்கும் திராவிட மொழிகளுக்கும் பழைய உறவு இருக்கலாம் என்று அவர் நம்பினார். 1970களில் தமிழ்நாட்டுக்கு வந்து நெக்ரித்யூடும் திராவிடப் பண்பாடும் பற்றிப் பேசினார். டாக்கர் பல்கலைக்கழகத்தில் இதற்கான ஆய்வுக்கு இடம் கொடுத்தார். இந்தியாவிலிருந்து மொழியியலாளர்கள் அங்கே போய் வோலோஃபையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு எழுதினார்கள்.

அந்த உறவு மெய்ப்பிக்கப்பட்டதா என்றால், இல்லை. ஒலி ஒற்றுமையுள்ள சொற்களின் பட்டியல்கள் உண்டு, ஆனால் இன்றைய மொழியியல் இரண்டையும் தனித்தனிக் குடும்பங்களாகத்தான் வைக்கிறது. சமூக ஊடகங்களில் 'வோலோஃபும் தமிழும் ஒன்றே' என்று வரும் செய்திகளை அப்படியே பகிராதீர்கள். ஒரு நாட்டின் தலைவர் நம் மொழியைத் தேடி வந்தார் என்பதே போதுமான பெருமை, அதற்கு மேல் நாம் எதையும் ஒட்டவைக்கத் தேவையில்லை.

அவரிடம் குறைகளும் உண்டு. 1962இல் தன் பிரதமர் மமது ஜாவைச் சிறையிலிட்டு பன்னிரண்டு ஆண்டுகள் வைத்திருந்தார். சில காலம் ஒரே கட்சிதான் இருந்தது. ஆனால் 1980 டிசம்பர் 31 அன்று தானாகவே பதவி விலகினார். அந்தக் காலத்து ஆப்பிரிக்கத் தலைவர்களில் அப்படிச் செய்தவர்கள் மிகச் சிலர். பிறகு பிரெஞ்சு அகாதமியில் இடம்பெற்ற முதல் ஆப்பிரிக்கரானார்.

முஸ்லிம்கள் பெரும்பான்மையான நாட்டில் கிறிஸ்தவர் எப்படி இருபது ஆண்டுகள் தலைவராக இருந்தார்?

மக்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கும் மேற்பட்டவர்கள் முஸ்லிம்கள், செங்கோர் கத்தோலிக்கர். அவருக்குத் தோள்கொடுத்தவர்களில் முஸ்லிம் ஞானிகளும் இருந்தார்கள். ஜொவாலுக்குப் பக்கத்தில் ஃபதியுத் என்ற சிறு தீவு இருக்கிறது. பல தலைமுறை மக்கள் தின்றுபோட்ட கிளிஞ்சல்களாலேயே உருவான தீவு. மரப்பாலத்தைக் கடந்தால் கிளிஞ்சல் மேட்டில் ஒரு கல்லறைத் தோட்டம், அங்கே இரு மதத்தாரும் ஒன்றாகத்தான் உறங்குகிறார்கள்.

செனகல் இஸ்லாம் சூஃபி வழி. ஏறக்குறைய ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு தரீக்கா, அதாவது ஒரு சூஃபிப் பிரிவு, ஒரு குரு. முரீதிய்யா வழியைத் தொடங்கிய அமது பம்பாவை (1853–1927) பிரெஞ்சு அரசு 1895இல் காபோன் நாட்டுக்கு நாடுகடத்தியது. கப்பலில் தொழ விடவில்லை என்பதால் கடல்மேல் பாயை விரித்துத் தொழுதார் என்று மக்கள் நம்புகிறார்கள். கண்ணாடி ஓவியங்களில் அந்தக் காட்சியைப் பார்க்கலாம். அவருடைய ஒரே ஒரு புகைப்படம்தான் உண்டு: வெள்ளை அங்கி, பாதி முகம் நிழலில். அந்தப் படம் பேருந்திலும் கடையிலும் படகிலும் எங்கும் இருக்கும். அவர் அடங்கியுள்ள தூபா நகரத்துக்கு, நாடுகடத்தப்பட்ட நாளை நினைவுகூர ஆண்டுதோறும் லட்சக்கணக்கானவர்கள் போகிறார்கள். தண்டனை நாளையே திருவிழாவாக்கிவிட்டார்கள்.

அங்கே ராணுவ ஆட்சி வந்ததுண்டா?

இதுவரை இல்லை. மேற்கு ஆப்பிரிக்காவில் இது அரிது. 2000இலும் 2012இலும் பதவியில் இருந்தவர்கள் தேர்தலில் தோற்று, ஒப்புக்கொண்டு இறங்கினார்கள். 2024இல் தேர்தலைத் தள்ளிப்போட முயன்றார்கள். அரசியல் சாசன மன்றம் அதைச் செல்லாது என்றது. மார்ச் 14 அன்று சிறையிலிருந்து வெளியே வந்த எதிர்க்கட்சி வேட்பாளர் பசிரு ஜோமாய் ஃபாய், பத்தே நாளில், மார்ச் 24 தேர்தலில், முதல் சுற்றிலேயே வென்றார். பதவியேற்றபோது வயது 44.

இளஞ்சிவப்பு ஏரி நிஜமா?

ரெத்பா ஏரி, டாக்கரிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர். உப்பு மிக அதிகமான நீரில் மட்டும் வாழும் ஒரு நுண்பாசி கொடுக்கும் நிறம் அது. உப்பெடுப்பவர்கள் உடம்பெல்லாம் ஷியா வெண்ணெய் பூசிக்கொண்டு மார்பளவு நீரில் நிற்பார்கள். 2022இல் மழைவெள்ளம் புகுந்து உப்பு நீர்த்ததும் நிறம் மங்கிப்போனது. போகிறவர்கள் படத்தில் பார்த்த நிறத்தை எதிர்பார்த்துப் போகாதீர்கள்.

அரசு முத்திரையில் சிங்கத்தோடு இருக்கும் மரம் எது?

பாவோபாப். மன்னாரில் பெருக்க மரம் என்பார்கள், நம் பக்கம் பொந்தன்புளி, யானைப்புளி. 1749 முதல் ஐந்தாண்டுகள் செனகலில் தங்கி ஆராய்ந்த மிஷேல் அதான்சோனின் பெயர்தான் இந்த மரத்தின் அறிவியல் பெயரில் இருக்கிறது. கதையும் வம்சாவளியும் பாடும் பாணர்களைச் செரேர் மக்கள் ஒரு காலத்தில் இந்த மரத்தின் பொந்தில்தான் அடக்கம் செய்தார்கள். 1960களில் அரசு அதை நிறுத்தியது. இதன் காயிலிருந்து எடுக்கும் புளிப்பான வெள்ளைப் பானம் 'பூய்', வெயிலுக்கு இதம்.

விளையாட்டில் எதற்கு மவுசு?

கால்பந்து என்று நினைப்போம், ஆனால் மல்யுத்தத்துக்கும் அதே அளவு வெறி. 'லாம்ப்' என்று பெயர். மணல் களத்தில், முரசு முழங்க, உடம்பெல்லாம் தாயத்து கட்டி, மந்திரித்த தண்ணீரை ஊற்றிக்கொண்டு இறங்குவார்கள். கால்பந்தில் மறக்க முடியாத நாள் 2002 மே 31. முதல் உலகக் கோப்பை ஆட்டத்திலேயே, நடப்புச் சாம்பியனான பிரான்ஸை 1–0 என்று வீழ்த்தினார்கள். கோலடித்தவர் பாப்பா பூபா ஜோப். ஆண்ட நாட்டை ஆளப்பட்ட நாடு வென்ற நாள் அது! 2022 பிப்ரவரியில் முதல்முறையாக ஆப்பிரிக்கக் கோப்பையையும் வென்றார்கள். கடைசிப் பெனால்டியைச் சாதியோ மானே அடித்தார்.

இவ்வளவு நல்ல நாட்டைவிட்டு இளைஞர்கள் ஏன் படகேறிப் போகிறார்கள்?

கடினமான கேள்வி. மீனவர்களின் வண்ணப்படகுகளில், அட்லாண்டிக்கில் பல நாள் பயணம் செய்து, ஸ்பெயினின் கேனரித் தீவுகளை அடைய முயல்கிறார்கள். பலர் போய்ச் சேர்வதில்லை. வெளிநாட்டு இழுவைக் கப்பல்கள் மீனை வாரிக்கொண்டு போகின்றன, கரையில் வலைக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. படித்தவர்களுக்கும் வேலை குறைவு. சான் லூயியில் கடல் தெருக்களையே தின்றுகொண்டிருக்கிறது. 'பார்சா வலா பர்சாக்' என்று அவர்கள் சொல்வதுண்டு: பார்சிலோனா, இல்லையென்றால் மறுமை. அந்தச் சொல்லைக் கேட்டபின், 'சாகசம்' என்று இதை எழுதும் செய்திகளை என்னால் படிக்க முடிவதில்லை.

போய்வர ஆசை. என்ன தெரிந்திருக்க வேண்டும்?

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி முதல் வேலை. புறப்படப் பத்து நாளாவது முன்னதாகப் போட வேண்டும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். சான்றிதழ் இல்லாமல் திரும்பினால் இந்திய விமான நிலையத்தில் தனிமைப்படுத்தி வைப்பார்கள். கொசுவலை, மலேரியா மாத்திரை பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.

நேரம் கையோடு கொண்டுபோங்கள். 'அத்தாயா' தேநீர் மூன்று சுற்று வரும், ஒரே இலையில். முதல் சுற்று கசப்பு, அடுத்தது கொஞ்சம் இனிப்பு, கடைசி நல்ல இனிப்பு. நுரை எழும்ப ஒரு குவளையிலிருந்து இன்னொன்றுக்கு உயரத்திலிருந்து ஆற்றுவார்கள், நம் டீ மாஸ்டர் போலவே. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். நடுவில் எழுந்து போகக் கூடாது.

சாப்பாட்டுக்கும் கொடுக்கல் வாங்கலுக்கும் வலது கைதான், இதில் நமக்குப் பிரச்சினை இல்லை. ஆனால் நெடும்பயணம் புறப்படும்போது அவர்கள் இடது கையை நீட்டுவார்கள். திகைக்காமல் நீங்களும் இடது கையைக் கொடுங்கள். நாம் 'போறேன்' என்று சொல்லாமல் 'போயிட்டு வரேன்' என்று சொல்வதைப் போன்றது அது. இடது கை கொடுப்பது தவறு. அந்தத் தவறைத் திருத்த நீங்கள் இன்னொரு முறை அங்கே போயாக வேண்டும்.